பாண்டிச்சேரி ஸ்டோன்வேர்: இலை அச்சு, சாம்பல் கிளேஸ், சவுக்குச் சூளை

இலைக்கோலம் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். மண் வேலை தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். பாண்டிச்சேரி, ஆரோவில் கடைகளில் இலை பதித்த தட்டு, விதை வடிவக் கிண்ணம், கூழாங்கல் மாதிரி உருண்டை ஜாடி என்று நிறையப் பார்க்க முடிகிறது. என்னிடம் இருக்கும் தட்டில் ஒரு தேக்கு இலை முழுசாகப் படிந்திருக்கிறது. நரம்புகள் அடர் பச்சை, மற்ற இடமெல்லாம் வெளிறிய பச்சை. நரம்பின் கிளைக்குக் கிளை, அதன் கிளைக்குக் கிளை என்று அத்தனையும் தெரிகிறது.

இதைத் தூரிகையால் வரைகிறார்களா, அச்சா? 'இயற்கையிலிருந்து பிறந்த கலை' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். இலையை ஒற்றி எடுப்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? அப்புறம், பாண்டிச்சேரியைச் சுற்றி மட்டும் ஏன் இவ்வளவு ஸ்டுடியோக்கள்?

மண்விரல்:

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு கடலூர் பக்கம் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு முதலில் பதில்.

வரைவது கிடையாது. மண்ணை உருளையால் தகடாகத் தேய்த்து, பச்சை இலையின் அடிப்பக்கம் மண்ணில் படும்படி வைத்து மறுபடி உருளை ஓட்டுவோம். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான். அந்தப் புடைப்பு மண்ணில் பள்ளமாக இறங்கும். தேக்கு இதற்கு மிகவும் தோதானது. இலையின் சொரசொரப்பு வரைக்கும் மண் வாங்கிக்கொள்ளும். ஆமணக்கும் நன்றாக வரும். வேப்பிலை மெல்லியது, ரொம்ப நிதானமாக அழுத்த வேண்டும். இலையை ஊசி நுனியால் உரித்து எடுக்கலாம், அப்படியே விட்டாலும் முதல் சூட்டில் எரிந்து போய்விடும்.

நிறம் அதற்குப் பிறகு வருவது. முதல் சூடு 900 முதல் 1000 டிகிரி வரை. அப்புறம் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி 1280, 1300 வரை ஏற்றுகிறோம். இப்படிப் பெருஞ்சூட்டில் வெந்து கல் மாதிரி இறுகியதைத்தான் ஸ்டோன்வேர் என்கிறோம். அந்தச் சூட்டில் கிளேஸ் உருகிய கண்ணாடியாகி நகரும். மேட்டில் மெலியும், பள்ளத்தில் தேங்கும். தடிப்பாகத் தேங்கிய இடம் அடர்த்தியாகத் தெரியும். உங்கள் தட்டின் நரம்புகளுக்கு யாரும் தனியாக வண்ணம் தீட்டவில்லை. தட்டு முழுக்க ஒரே கிளேஸ்தான், நரம்பின் பள்ளத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது.

பச்சைக்குக் காரணம் இரும்பு. கிளேஸில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு இரும்பு ஆக்சைடு இருந்தால் போதும். சூளையின் புகைபோக்கியை அடைக்கும் தகடான டேம்பரைப் பாதி மூடினால் உள்ளே காற்று பற்றாமல் நெருப்பு திணறும். அந்த நெருப்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கிளேஸில் உள்ள இரும்பிடமிருந்தே பிடுங்கும், இரும்பு பச்சைக்கு மாறும். இதற்கு ரிடக்ஷன் என்று பெயர். இதே கிளேஸைக் காற்று தாராளமாகப் போகும் சூளையில் சுட்டால் மஞ்சளும் பழுப்புமாக வரும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் என் பதில் இதில்தான் இருக்கிறது. ஒரு இலையை ஒற்றி எடுப்பது யாருக்கும் முடியும். பள்ளத்தில் எது தேங்கும், மேட்டிலிருந்து எது வழியும், எந்தச் சாம்பல் எந்தச் சூட்டில் உருகும் என்று பார்த்துப் பார்த்து அதற்கு இடம் கொடுத்து வேலை செய்வதைத்தான் நான் இயற்கையிலிருந்து பிறந்த வேலை என்பேன். இலை இல்லாத வெறும் கிண்ணத்திலும் அது இருக்கலாம், இலை பதித்த தட்டில் இல்லாமலும் போகலாம்.

இலைக்கோலம்:

நன்றி. தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் பச்சை மெலிந்து கிட்டத்தட்டப் பழுப்பாகத் தெரிகிறது. நீங்கள் சொன்ன மேடு இதுதான் போல. பாண்டிச்சேரி ஏன் என்பதையும் சொல்லுங்கள்.

மண்விரல்:

1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிதான் காரணம். அதைத் தொடங்கியவர்கள் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் வழியாகப் பாண்டிச்சேரிக்கு வந்தார் டெபோரா. அதற்கு முன்னால் ஜப்பானில் பிஸென் என்ற ஊரில் இருந்து வேலை பழகியவர். ரே, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் செராமிக்கும் படித்தவர்.

பிஸென் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இழையின் கேள்விக்கு அந்த ஊர் நேரடியாகப் பதில் சொல்கிறது. அங்கே கிளேஸே பூசுவதில்லை. நெல் வயலுக்கு அடியில் கிடைக்கும் ஒட்டும் மண்ணை எடுத்து, பைன் விறகு போட்டு நாள் கணக்கில் சுடுகிறார்கள். பறக்கும் சாம்பல் பானையின் தோளில் விழுந்து அங்கேயே உருகிப் பிடிக்கும். சில பாத்திரங்களில் வைக்கோலைச் சுற்றிச் சூளையில் வைப்பார்கள். வைக்கோல் எரிந்து போன பிறகு அது கிடந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. வைக்கோலில் இருக்கும் பொட்டாசியம் மண்ணோடு சேர்ந்து செய்கிற வேலை அது. தூரிகையே இல்லாமல் நெற்பயிர் தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது! இந்தப் பழக்கத்தில் ஊறிய ஒருவர் சவுக்கும் நெல்லும் விளைகிற இந்தக் கடற்கரைக்கு வந்து சூளை போட்டது நமக்கு வாய்த்தது.

கோல்டன் பிரிட்ஜில் சவுக்கு விறகு போட்டுத்தான் சுட்டார்கள். மேஜைப் பாத்திரங்களின் தயாரிப்பை டெபோரா முன்னின்று பார்த்துக்கொண்டார், மாணவர்களுக்கு ரே சொல்லிக்கொடுத்தார். அங்கே படித்தவர்கள்தான் இன்று இந்தியா முழுக்க ஸ்டுடியோ வைத்திருப்பவர்களில் பலர். ஆரோவில்லில் இருக்கும் ஆதில் ரைட்டரும் அங்கே பயின்றவர்தான். மாணவர்கள் மட்டுமில்லை, சக்கரத்திலும் சூளையிலும் வேலை செய்த சுற்றுவட்டார ஆட்கள் பலர் வெளியே வந்து சொந்தமாகச் சூளை போட்டார்கள். நீங்கள் கடையில் பார்க்கும் சரக்கில் கணிசமான பங்கு அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

வில்லியனூரான்:

மண்விரல், மதிப்போடுதான் சொல்கிறேன். 1971இலிருந்து கதையை ஆரம்பித்தால் எங்கள் ஊர் என்ன ஆவது? வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த வேலைக்காகப் புதுச்சேரிக் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஐயனார் குதிரையைக் காலிலிருந்து மேலே மேலே ஏற்றிக் கட்டி, ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்திச் சுட்டவர்கள் எங்கள் ஆட்கள். அந்த மண்ணில் மணலும் உமியும் கலப்பார்கள். உமி எரிந்து போய் உள்ளே சின்னச் சின்னத் துளை விடும், அவ்வளவு கனமான உடம்பு வெடிக்காமல் வேகுவதற்கு அதுதான் துணை. சாம்பல், வைக்கோல், உமி எல்லாம் எங்கள் வேளார் (குயவர்) வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவை. யாரும் அதற்குச் சீட்டு ஒட்டவில்லை.

இன்னொன்று. ஸ்டோன்வேர் ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள், குளிராது. எங்கள் பானை வேகும் சூடு குறைவு, 1000 டிகிரியைத் தொடாது. அதனால் மண்ணில் துளை அடைபடாது. தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் அதை விட வேறென்ன வேண்டும்?

மண்விரல்:

ஒவ்வொரு வார்த்தையும் சரி, அண்ணா. துளை அடைபடாமல் இருப்பது பானைக்குப் பலம், குழம்புத் தட்டுக்கு அது ஆகாது. 1300க்குச் சுட்ட ஸ்டோன்வேர் தண்ணீரை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் குடிக்காது, எண்ணெயும் புளியும் உள்ளே இறங்காது. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. நான் கோல்டன் பிரிட்ஜைச் சொன்னது, ஸ்டுடியோக்கள் ஏன் இங்கே குவிந்தன என்று கேட்டதால்தான்.

ஆனால் உங்கள் மனத்தாங்கலில் எனக்கும் பங்கு உண்டு. ஒரே மாவட்டத்து மண். ஸ்டுடியோ கிண்ணத்துக்கு ஒரு விலை, வேளார் வனைந்த சட்டிக்கு ஒரு விலை. ஏரியில் மண் எடுக்க அனுமதி வாங்கவே அவர்கள் வருஷக்கணக்காக அலைந்தார்கள். தமிழ்நாட்டில் 2024இல்தான் தாசில்தார் அளவிலேயே அனுமதி தர வழி செய்தார்கள். ஸ்டுடியோக்காரர்கள் மண்ணை மூட்டையில் வாங்கிக்கொள்ள முடிகிறது. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு இயற்கை, மண்வாசனை என்று பேசுவது எனக்கும் உறுத்துகிறது.

தோப்புக்காரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்பு இருக்கிறது, அதனால் கேட்கிறேன். 1300 டிகிரிக்கு விறகு போட்டு எரித்துவிட்டு அதில் இலை படம் போட்டு இயற்கை என்று சொல்வது எப்படி? ஒரு சூளைக்கு எவ்வளவு விறகு போகிறது என்று வெட்டி ஏற்றி அனுப்புகிற எங்களுக்குத் தெரியும்.

மண்விரல்:

நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். விறகு நிறையப் போகிறது. சவுக்கு நட்டு வெட்டி மறுபடி நடுகிற பயிர், காட்டு மரம் இல்லை என்பது ஒரு சமாதானம். அது முழுச் சமாதானம் இல்லை என்பது எனக்கும் தெரியும். இந்தக் காரணத்தாலும் செலவாலும் பலர் கேஸ் சூளைக்கு மாறிவிட்டார்கள்.

இந்தக் கேள்வியை உள்ளே நின்று மிகத் தீவிரமாகக் கேட்டுப் பார்த்தவர் ரே மீக்கர் என்று நினைக்கிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவர் சட்டி பானையை விட்டு வீட்டைச் சுட ஆரம்பித்தார். உண்மையாகவே வீடு. ஈரான் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி முன்வைத்த யோசனை அது. சுடாத பச்சைச் செங்கல்லை மண் சாந்தால் அடுக்கி, மர உத்திரம் இல்லாமல் வளைவுக் கூரையோடு வீட்டைக் கட்டுவது. உள்ளே சுடாத செங்கல், ஓடு, பாத்திரம் எல்லாம் நிரப்பி, வாசல் ஜன்னலை அடைத்து, வீட்டையே சூளையாக வைத்து எரிப்பது. வெந்ததும் உள்ளே இருப்பதை இறக்கி விற்றால் விறகுச் செலவில் ஒரு பகுதி திரும்பும், மழைக்குக் கரையாத வீடு மிச்சமாகும். சூளையின் சுவர் எப்படியும் சூட்டை விழுங்குகிறது, அந்தச் சூடு வீணாகாமல் சுவரே விளைபொருளாகட்டும் என்ற கணக்கு அது. கட்டடக்கலை படித்த குயவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

அது பரவலான கட்டுமான முறையாக மாறவில்லை. விறகு, ஆள், சுடும்போது எழுகிற விரிசல் என்று எல்லாவற்றையும் சமாளித்து ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக வேகவைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் எனக்கு அந்த முயற்சியின் மீது பெரிய மரியாதை. நெருப்பு எவ்வளவு தின்கிறது என்பதை மறைக்காமல் அதையே வேலையின் மையக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் அவர். பிறகு மிகப் பெரிய அளவுச் சிற்பங்களுக்குப் போனபோதும் கட்டடம் கட்டுகிற கை அதில் தெரிகிறது.

தோப்புக்காரன்:

வீட்டையே சுட்டார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. மற்றபடி, கேஸோ விறகோ, செலவைச் சொல்லி விற்றால் எனக்கு மறுப்பு இல்லை.

நீலப்பரவை:

கொஞ்சம் வேறு திசையில் போகலாமா? கலை வரலாறு படிக்கிறேன். மண்விரல் சொன்ன மேடு பள்ளக் கணக்கைப் பார்த்ததும் டென்மார்க்கின் ஆக்ஸல் சால்டோ (1889–1961) நினைவுக்கு வந்தார். ஓவியராக ஆரம்பித்தவர், 1930களிலிருந்து இறக்கும் வரை ராயல் கோபன்ஹேகன் நிறுவனத்தோடு ஸ்டோன்வேர் செய்தார். அவருடைய ஜாடிகளை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: வரி ஓடியவை, மொட்டு விட்டவை, முளை விட்டவை. மொட்டு வகையில் ஜாடி முழுக்கக் குமிழ் குமிழாக எழும்பியிருக்கும். முளை வகையில் அந்தக் குமிழ்கள் நீண்டு, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது மாதிரி இருக்கும்.

எந்தச் செடி என்று கேட்டால் சொல்ல முடியாது. எந்தச் செடியையும் அவர் அப்படியே எடுத்து வைக்கவில்லை. ஆனால் ஏதோ வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. கிளேஸ் குமிழின் உச்சியிலிருந்து வழிந்து அடியில் தேங்கும். உச்சி வெளிறி, இடுக்கு கறுத்து, ஒவ்வொரு மொட்டும் தனியாக எழுந்து நிற்கும். கிளேஸ் எப்படி ஓடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான் அந்த மேடு பள்ளங்களைக் கட்டினார் என்று தோன்றுகிறது. இலைத்தட்டை விட இதில்தான் எனக்கு இயற்கை கூடுதலாகத் தெரிகிறது.

மண்விரல்:

அருமையான உதாரணம். நான் முழு நாளும் கையில் மண்ணோடு இருப்பவள், சால்டோவின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது பயம்தான். அவ்வளவு வழியும் கிளேஸை அவ்வளவு செங்குத்தான பக்கத்தில் போட்டால் அடியில் ஓடிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதை இடுக்குகளில் நிற்கவைத்திருக்கிறார். ஒவ்வொரு குமிழுக்கும் கீழே இருக்கிற பள்ளம் ஒரு குட்டிக் குளம். எங்கே நிற்கும், எங்கே தாண்டும் என்று தெரிந்துகொள்ள எத்தனை துண்டு சுட்டுப் பார்த்திருப்பார்கள்!

ஆனால் இலைத்தட்டை இறக்கிப் பேச மாட்டேன். நல்ல கை பட்டால் அதுவும் இதே வேலைதான். எந்த இலை, அதை எந்த இடத்தில் முடிப்பது, விளிம்பை இலையின் போக்கிலேயே வெட்டுவதா, நரம்பின் ஆழம் கிளேஸின் தடிப்புக்கு ஈடு கொடுக்குமா என்று அத்தனை முடிவு இருக்கிறது. மோசமான தட்டில் இலை நடுவில் பொட்டு வைத்தது போல ஒட்டாமல் கிடக்கும்.

உமிச்சாம்பல்:

அக்கா, நான் புதிதாக ஆரம்பித்தவன். பண்ருட்டி பக்கம் எங்கள் முந்திரி மரங்கள் தானே புயலில் (2011 டிசம்பர் 30) விழுந்தவை போக மிச்சமும் இப்போது வெட்டியாகிவிட்டது. வீட்டு அடுப்பிலும் கொல்லையிலும் முந்திரிச் சாம்பல் மூட்டையாக இருக்கிறது. உமிச் சாம்பலும் அரிசி ஆலையில் கிடைக்கிறது. இவற்றில் கிளேஸ் செய்ய முடியுமா? கேஸ் சூளை ஒன்றில் இடம் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், 1280 வரை போகும்.

மண்விரல்:

தாராளமாக. இரண்டு சாம்பலும் இரண்டு குணம், அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மரச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், கூடவே பொட்டாசியம். இரண்டும் மற்றதை உருக வைப்பவை. உமிச் சாம்பல் நேர் எதிர், அதில் பெரும்பங்கு சிலிக்கா. தனியாகப் போட்டால் உருகாமல் வெள்ளைத் தூளாக நிற்கும். உருகுகிற கிளேஸோடு கொஞ்சம் சேர்த்தால் பால் கலந்தது மாதிரி வெண்மை கிடைக்கும். ஜப்பானில் நெற்தாள் சாம்பலை இதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் முந்திரிச் சாம்பலைச் சல்லடையில் சலித்துக் கரித்துண்டுகளை நீக்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முகத்தில் துணியும் கட்டுங்கள். சாம்பலைத் தண்ணீரில் கரைத்தால் அந்தத் தண்ணீர் தோலை அரிக்கும், விளையாட்டு இல்லை. பழைய நம்பிக்கையான அளவு ஒன்று உண்டு: சாம்பல் 40, ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைத் தூள் 40, களிமண் 20. எடைக் கணக்கு. அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்த சோதனைத் துண்டில் சாம்பலை 50 ஆக்குங்கள், இன்னொன்றில் 30. இன்னொரு வரிசையில் ஃபெல்ட்ஸ்பாரில் 10 பங்கைக் குறைத்து, அதற்குப் பதிலாக 10 பங்கு உமிச் சாம்பல். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் இரும்பு ஆக்சைடால் எண் எழுதுங்கள், அது சூட்டில் அழியாமல் நிற்கும்.

துண்டுகளைப் படுக்க வைத்துச் சுடாதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். படுத்த துண்டில் எந்தக் கிளேஸும் அழகாகத்தான் தெரியும். நிமிர்ந்து நின்றால்தான் ஓடுவது தெரியும். அடியில் களிமண் தட்டு ஒன்று வையுங்கள், இல்லையென்றால் அவர் சூளைத் தட்டு வீணாகி அடுத்த முறை இடம் கிடைக்காது. எண் போட்ட துண்டின் மேற்புறத்தில் உங்கள் ஊர் இலை ஏதாவது ஒன்றின் நரம்பையும் அழுத்தி வையுங்கள். எந்த அளவில் நரம்பு நிறைகிறது, எதில் மூழ்கிப் போகிறது என்பது ஒரே சூட்டில் தெரிந்துவிடும்.

இலைக்கோலம்:

நானும் வகுப்பில் சேரலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம்: ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கலாமா, தைக்குப் பிறகா?

மண்விரல்:

ஆரம்பிக்க எந்த மாதமும் சரி. காய்வதில்தான் வித்தியாசம். அடைமழைக் காலத்தில் தகடு காய நாள் பிடிக்கும், ஆனால் சீராகக் காயும். வெயில் காலத்தில் விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், நடு ஈரமாகவே இருக்கும், அந்த இழுப்பில்தான் தட்டு வளையும், விரிசல் விடும். அதனால் வெயிலில் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி விளிம்பைத் தாமதப்படுத்த வேண்டும். கோடையில் கற்றுக்கொள்பவர்களுக்குக் கஷ்டம் கொஞ்சம் கூடுதல்.

சூட்டுக்கு எவ்வளவு சுருங்கும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். என் மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் நூற்றுக்கு 12 பங்கு சுருங்குகிறது. 25 சென்டிமீட்டர் தட்டு வேண்டுமென்றால் 28க்கு மேல் வெட்ட வேண்டும், இலையையும் அதற்கேற்பப் பெரிதாகத் தேட வேண்டும்.

வில்லியனூரான்:

இலைக்கோலம், ஸ்டுடியோ வகுப்புக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் வில்லியனூருக்கு வாருங்கள். மண்ணை மிதித்துப் பதம் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் போனால் உங்களுக்கு அங்கே சொல்லிக்கொடுப்பது சீக்கிரம் புரியும். மண்விரல், நீங்களும் வாருங்கள். உங்கள் இலைத்தகடு ஒன்றை எங்கள் சூளையில், எங்கள் மண்ணில், கிளேஸ் இல்லாமல் சுட்டுப் பார்க்கலாம். நரம்பு எப்படித் தெரிகிறது என்று எனக்கே ஆசையாக இருக்கிறது.

மண்விரல்:

வருகிறேன், அண்ணா. உங்கள் மண்ணில் உமி கலக்காத உருண்டை ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். உமி கலந்தால் துளை விழுந்து நரம்புக் கோடு உடைந்துவிடும். கிளேஸ் இல்லாததால் நிறத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். செம்மண் காவியைக் கரைத்து நரம்பில் தேய்த்து மேலே துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிற்கும் என்று நினைக்கிறேன். இலையை நானே கொண்டு வருகிறேன், ஆமணக்கு. உமிச்சாம்பல் தம்பியும் பண்ருட்டியிலிருந்து வரலாம். சாம்பல் மூட்டையைத் தூக்கி வர வேண்டாம், சலித்த சாம்பல் ஒரு கிலோ போதும்.